மைன்கிராஃப்ட் சர்வரில் சேகரிப்பாளருக்கு ஏற்ற கிடங்கு கட்டுவது எப்படி

செஸ்ட்டுகளை, அதாவது பொருள் வைக்கும் பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போவதால் கிடங்குச் சிக்கல் தீராது. ஐம்பது டபுள் செஸ்ட் (ஒட்டி வைத்த இரண்டு செஸ்ட்) வைத்திருப்பவரும் ஒரு லேபிஸ் கல்லைத் தேடி பத்து செஸ்ட்டைத் திறந்து மூடுவதைப் பார்க்கலாம். கையில் வந்த பொருள் எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவாகாததுதான் காரணம். சேகரிப்பாளருக்கு இது இரட்டிப்புத் தொல்லை. அவரிடம் இரண்டு வகைச் சொத்து இருக்கிறது: எல்லாவற்றிலும் ஒவ்வொன்று என்று சேர்க்கும் தொகுப்பு ஒன்று, கட்டவும் விற்கவும் வைத்திருக்கும் சரக்கு இன்னொன்று. இவை இரண்டும் ஒரே செஸ்ட்டில் கலந்தால் எந்த ஏற்பாடும் ஒரு வாரம் தாங்காது. ஆகவே முதலில் இரண்டுக்கும் தனித்தனி அறை ஒதுக்குங்கள். கீழே உள்ள அளவுகள் ஜாவா பதிப்புக்கானவை.

எதில் எவ்வளவு கொள்ளும்

ஒரு செஸ்ட்டில் 27 ஸ்லாட் (பொருள் வைக்கும் கட்டம்), டபுள் செஸ்ட்டில் 54. ஒரு ஸ்லாட்டில் 64 அடுக்கும் பொருளானால் டபுள் செஸ்ட்டில் 3,456 கொள்ளும். ஷல்கர் என்ற உயிரியின் ஓட்டால் (ஷெல்) செய்யும் ஷல்கர் பாக்ஸிலும் 27 ஸ்லாட்தான். ஆனால் அதை உடைத்தாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், அதையே செஸ்ட்டுக்குள் வைக்கவும் முடியும். ஒரு டபுள் செஸ்ட் நிறைய ஷல்கர் பாக்ஸ் வைத்தால் 1,458 ஸ்லாட், அதாவது 93,312 பொருள். ஷல்கருக்குள் ஷல்கர் போகாது. ஒரு பாக்ஸுக்கு இரண்டு ஷெல்லும் ஒரு செஸ்ட்டும் வேண்டும். ஒரு ஷல்கரைக் கொன்றால் ஷெல் விழ 50 விழுக்காடு வாய்ப்பு; லூட்டிங் மந்திரம் ஒவ்வொரு நிலைக்கும் அதை 6.25 கூட்டும். ஷல்கர்கள் இருக்கும் எண்டு நகரத்துக்கு லூட்டிங் 3 வாளில்லாமல் போவது வீண் நடை.

எண்டர் செஸ்ட் உங்களுக்கு மட்டும் தெரியும் 27 ஸ்லாட். அதில் ஷல்கர்களை அடுக்கினால் 729 ஸ்லாட் கையோடு வரும், வேறு எந்த ஆட்டக்காரரும் தொட முடியாது. ஈடு கிடைக்காத பொருள்களுக்கு இதுவே இடம். பொருளைத் தானே நகர்த்தும் ஹாப்பர் இதில் வேலை செய்யாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இதை உடைக்க சில்க் டச் மந்திரம் உள்ள பிக்காக்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் எட்டு அப்சிடியன்தான் கிடைக்கும். உள்ளிருப்பது போகாது, அடுத்த எண்டர் செஸ்ட்டில் இருக்கும்.

ஆட்டத்தின் 1.21.2 பதிப்பு முதல் பண்டில் என்ற பை வந்திருக்கிறது: செய்ய ஒரு தோல், ஒரு நூல். 64 அலகு கொள்ளும். 64 அடுக்கும் பொருளுக்கு ஒன்றுக்கு ஓர் அலகு, 16 அடுக்கும் பொருளுக்கு ஒன்றுக்கு நான்கு, அடுக்காத பொருள் ஒன்றே முழுப் பண்டிலையும் நிறைத்துவிடும். விதை, பூ, சாயம் என்று சில்லறையாக வருபவற்றைப் பயணத்தில் திணிக்க நல்லது. வீட்டுக் கிடங்கில் இதனால் பெரிய பயன் இல்லை.

தொகுப்பறை

தொகுப்பில் கொள்ளளவு முக்கியமில்லை, எது இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அதற்குப் பொருள்களை கிரியேட்டிவ் முறையில் (எல்லாப் பொருளும் தாராளமாகக் கிடைக்கும் ஆட்டமுறை) வரும் பட்டியலின் வரிசையிலேயே வையுங்கள். சொந்தமாக ஒரு வரிசை கண்டுபிடித்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே மறந்துபோகும். கிரியேட்டிவ் வரிசையை எந்த நேரமும் இன்னோர் உலகத்தைத் திறந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். கிடைக்காத பொருளின் ஸ்லாட்டைக் காலியாக விடாதீர்கள். ஒரு காகிதத்துக்கு ஆன்வில்லில் அந்தப் பொருளின் பெயரை இட்டு அங்கே வையுங்கள். காலி ஸ்லாட் இருந்தால் ஷிஃப்ட் அழுத்திப் போடும் அடுத்த பொருள் அங்கே போய் உட்கார்ந்து வரிசையைக் குலைத்துவிடும்.

வண்ணத் தொகுதிகள் கொஞ்சம் சிரமம். கம்பளி, கான்கிரீட், டெரகோட்டா எல்லாம் 16 நிறம். செஸ்ட்டின் வரிசையோ ஒன்பது. ஒரு தொகுதிக்கு இரண்டு வரிசை ஒதுக்கி, 9-ம் 7-மாக வையுங்கள். ஒரு டபுள் செஸ்ட்டில் மூன்று தொகுதி அழகாக அமரும், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்லாட் மிஞ்சும். அந்த இரண்டில் நிறமில்லாத கண்ணாடி, நிறமில்லாத டெரகோட்டா போன்றவற்றை வைக்கலாம். மரங்களுக்கு மர வகைக்கு ஒரு ஷல்கர் என்று வைப்பதே மேல். மூங்கிலும் நெதர் வகைகளும் சேர்ந்து இப்போது 12 இருக்கின்றன; புதிய பதிப்பில் இன்னொன்று வந்தால் ஒரு பாக்ஸ் சேர்த்தால் போதும், பழையதைக் கலைக்க வேண்டாம்.

அடுக்காத பொருள்கள்தான் தொகுப்பில் இடத்தைத் தின்பவை: இசைத்தட்டு, எட்டு வகை ஆட்டுக்கொம்பு, போஷன், மந்திரப் புத்தகம், வாளியில் பிடித்த ஆக்ஸலாட்டல். புத்தகங்களை செதுக்கிய புத்தக அலமாரிக்கு மாற்றுங்கள். ஒன்றில் ஆறு நிற்கும், கண்ணுக்கும் தெரியும். கவச அலங்கார டெம்ப்ளேட்டுகள் 1.21-லிருந்து நெதரைட் மேம்பாட்டை விட்டுவிட்டு 18 வகை. இவற்றில் ஒவ்வொன்றையும் பயன்படுத்தும் முன் நகலெடுத்துவிடுங்கள்; ஒரு நகலுக்கு ஏழு வைரமும் அந்த வகைக்குரிய பொருளும் செலவு. கடைசிப் பிரதியைக் கவசத்தில் செலவழித்துவிட்டுத் திரும்ப ஒரு கோட்டையைத் தேடி அலைவது வழக்கமாக நடக்கும் விபத்து.

சரக்கறை: தானே பிரிக்கும் ஃபில்டர்

ஃபில்டர் என்பது வரும் பொருள்களில் ஒரு வகையை மட்டும் பிரித்துத் தன் செஸ்ட்டில் சேர்க்கும் அமைப்பு. மொத்தமாக வருபவற்றை மட்டும் இந்தத் தானியங்கியில் விடுங்கள். ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் ஒரு ஸ்டாக்குக்கு (ஒரு ஸ்லாட் நிறைய) மேல் வரும் பொருள் என்றால் அதற்கு ஒரு ஃபில்டர் தகும். எல்லாப் பொருளுக்கும் ஃபில்டர் வைப்பேன் என்று கிளம்பினால் இரும்புதான் கரையும். ஒரு ஃபில்டருக்கு மூன்று ஹாப்பர், அதாவது 15 இரும்பும் மூன்று செஸ்ட்டும். நாற்பது ஃபில்டருக்கு 600 இரும்பு. பெரும்பாலோருக்கு முப்பது, நாற்பது ஃபில்டர் தாராளம்.

ஒரு துண்டின், அதாவது ஒரு ஃபில்டரின், அமைப்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். செஸ்ட் இருப்பது முன்பக்கம், சைகை கடத்தும் ரெட்ஸ்டோன் பாகங்கள் பின்பக்கம். ஹாப்பர்கள் நிற்கும் நிரலை 0 என்றும், அதன் பின்னால் 1, 2, 3, 4 என்றும் எண்ணிக்கொள்வோம்.

1. தரையில், முதல் அடுக்கு: 2-ல் ஒரு பிளாக், 3-ல் ரிப்பீட்டர் (சைகையை ஒரே திசையில் கடத்துவது), 4-ல் ஒரு பிளாக். ரிப்பீட்டர் 4-லிருந்து 2-ஐ நோக்கிச் செலுத்த வேண்டும். 2-ம் பிளாக்கின் முன்முகத்தில், அதாவது 1-ல், ரெட்ஸ்டோன் டார்ச்.
2. இரண்டாம் அடுக்கு: 0-க்கு முன்னால் செஸ்ட். 0-ல் செஸ்ட்டை நோக்கிய ஹாப்பர். 1, 2, 3-ல் பிளாக். 4-ல் டஸ்ட் (ரெட்ஸ்டோன் தூள்).
3. மூன்றாம் அடுக்கு: 0-ல் ஃபில்டர் ஹாப்பர், 1-ல் அதற்கு முதுகு காட்டிய கம்பாரேட்டர் (ஹாப்பர் எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அதற்கேற்ற வலிமையில் சைகை தருவது), 2-லும் 3-லும் டஸ்ட்.
4. நான்காம் அடுக்கு: 0-ல் வரிசை ஹாப்பர். இது பக்கத்துத் துண்டின் வரிசை ஹாப்பரை நோக்கும்.

பிளாக்குகள் கல், மரம் போன்ற முழுப் பிளாக்காக இருக்கட்டும்; கண்ணாடி ஆகாது. ஃபில்டர் ஹாப்பர் கம்பாரேட்டர் பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். கம்பாரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் தற்காலிகமாக ஒரு பிளாக் வைத்து, குனிந்தபடி அதன் முன்முகத்தில் ஹாப்பரைப் பொருத்தி, பிறகு பிளாக்கை எடுத்துவிடுங்கள். ஃபில்டர் ஹாப்பர் கீழ்நோக்கிவிட்டால் உள்ளே இருப்பது முழுவதும் தானே கீழே இறங்கிவிடும். புதிதாகக் கட்டுபவர்களிடம் அதிகம் நடக்கும் பிழை இதுவே.

டார்ச் எரிவதைப் பார்த்த பிறகுதான் ஃபில்டர் ஹாப்பரை நிரப்ப வேண்டும். முதல் ஸ்லாட்டில் பிரிக்க வேண்டிய பொருள் 41. மற்ற நான்கு ஸ்லாட்டிலும் வேறெங்கும் வராத பொருள் ஒவ்வொன்று. குச்சி ஒரு ஸ்டாக் எடுத்து ஆன்வில்லில் ஏதாவது பெயரிட்டுவிடுங்கள். 64-க்கும் சேர்த்து ஒரே லெவல்தான் செலவு, பதினாறு ஃபில்டருக்கு வரும்.

41 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் பழுது பார்ப்பது எளிது. ஹாப்பரின் ஐந்து ஸ்லாட்டும் சேர்ந்து 320 பொருள். கம்பாரேட்டர் 23-ல் 2-ம், 46-ல் 3-ம், 69-ல் 4-ம் வலிமை தரும். 41-ம் நான்கு குச்சியும் சேர்ந்தால் 45, வலிமை 2. ஒரு டஸ்ட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒன்று குறைவதால் மூன்றாவது டஸ்ட்டை எட்டாது, டார்ச் எரியும், கீழ் ஹாப்பர் பூட்டியிருக்கும். இன்னொன்று உள்ளே வந்தால் 46, வலிமை 3. டார்ச் அணையும், கீழ் ஹாப்பர் ஒன்றை இழுக்கும், மறுபடி 45. செஸ்ட் நிரம்பிவிட்டால் முதல் ஸ்லாட் 64 வரை ஏறும். அப்போதும் மொத்தம் 68, வலிமை 3-ஐத் தாண்டாது. அதனால் துண்டுகளை ஒட்டி ஒட்டிக் கட்டினாலும் பக்கத்து டஸ்ட்டுக்குள் 2-க்கு மேல் கசியாது. குச்சி ஒன்றே ஒன்று கூடுதலாகப் போட்டிருந்தால் மொத்தம் 69 ஆகி, வலிமை 4 பக்கத்து ஃபில்டரைத் திறந்துவிடும். அதன் குச்சி வரை செஸ்ட்டுக்குள் கொட்டும். ஒரு ஃபில்டர் நிரம்பியதும் பக்கத்து ஃபில்டர் கெட்டால் முதலில் குச்சிகளை எண்ணுங்கள்.

எண்டர் முத்து, முட்டை, பனிப்பந்து, காலி வாளி போன்ற 16 அடுக்கும் பொருள் ஒவ்வொன்றும் கம்பாரேட்டருக்கு நான்கு பொருளுக்குச் சமம். இவற்றுக்கு 41-க்குப் பதிலாக 10 வையுங்கள். குச்சிகள் அதே நான்கு. அடுக்காத பொருளுக்கு இந்த ஃபில்டர் ஆகாது; அவை வரிசையைக் கடந்து கடைசிக்குப் போய்ச் சேரும்.

ஆகவே வரிசையின் கடைசியில் ஒரு டபுள் செஸ்ட் கட்டாயம். அது இல்லையென்றால் ஃபில்டர் இல்லாத ஒரு பொருள் நுழைந்தாலும் சிறிது நேரத்தில் முழு வரிசையும் அடைத்துக்கொள்ளும். தொகுப்பறைக்குப் போக வேண்டிய புதுப் பொருள்களும் அங்கேதான் வந்து நிற்கும், ஆகவே தினமும் பார்க்க வேண்டிய ஒரே செஸ்ட் அது.

துண்டுகளை ஒட்டிக் கட்டினால் முன்னால் செஸ்ட்டுக்குப் பதில் பேரல் (பீப்பாய்) வையுங்கள்: ஒன்றோடொன்று இணையாது, மேலே பிளாக் இருந்தாலும் திறக்கும். டபுள் செஸ்ட்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே ஒரு பிளாக் இடைவெளி விடுங்கள், வரிசை ஹாப்பர் மட்டும் தொடரட்டும்.

வேகமும் சர்வரும்

ஹாப்பர் 0.4 நொடிக்கு ஒரு பொருள் நகர்த்தும், மணிக்கு 9,000. முதல் ஹாப்பரின் மேல் நிறைந்த ஷல்கர் பாக்ஸை அப்படியே வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும்; 1,728 பொருள் இறங்கப் பதினொன்றரை நிமிடம் ஆகும். பத்து பாக்ஸ் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சுரங்கத்திலிருந்து கல்லாகவே நிரம்பிய பாக்ஸ்களை ஃபில்டர் வழியாக விடாதீர்கள், நேராகக் கொண்டுபோய் அலமாரியில் வையுங்கள். சர்வரில் ஆள் அதிகமாகி டிக் (ஆட்டத்தின் துடிப்பு) குறைந்தால் இந்தக் கணக்கு இன்னும் நீளும்.

கட்டும் முன் நிர்வாகியிடம் ஒன்று கேளுங்கள். ஸ்பிகாட், பேப்பர் மென்பொருளில் ஓடும் சர்வர்களில் ஹாப்பர் ஒரு முறைக்கு எத்தனை பொருள் நகர்த்தும் என்பதை மாற்ற முடியும். அது ஒன்றுக்கு மேல் இருந்தால் கீழ் ஹாப்பர் ஒரே இழுப்பில் பலவற்றை எடுத்துவிடும், 41 கணக்கு நிற்காது. அந்தச் சர்வரில் கையால் பிரிப்பதே நிம்மதி. இன்னொன்று, ஃபில்டர் வரிசையை ஒரே சங்க்குக்குள் (உலகம் பிரிந்திருக்கும் கட்டம்) அடக்கப் பாருங்கள். எஃப்3-ஐப் பிடித்தபடி ஜி அழுத்தினால் 16-க்கு 16 எல்லைக் கோடுகள் தெரியும்.

சுருக்குவதில் உள்ள பொறி

இரும்பு, தங்கம், வைரம், நிலக்கரி, ரெட்ஸ்டோன், லேபிஸ், கோதுமை, ஸ்லைம் எல்லாம் ஒன்பதை ஒரு பிளாக்காக்கித் திரும்பப் பிரிக்கலாம். இடம் ஒன்பதில் ஒன்றாகும். எலும்பை எலும்புத் தூளாக்கி பிளாக் செய்தால் பிளாக்கிலிருந்து தூள் வரும், எலும்பு வராது. குவார்ட்ஸும் நெதர் வார்ட்டும் பிளாக் ஆன பின் கிராஃப்டிங்கில் திரும்பவே திரும்பா. குளோஸ்டோன் நான்கு தூளைப் போட்டுச் செய்தது. சாதாரணமாக உடைத்தால் இரண்டு முதல் நான்குதான் கிடைக்கும். தர்பூசணியும் அப்படியே: ஒன்பது துண்டு போட்டு மூன்று முதல் ஏழு வரை எடுப்பீர்கள். இவற்றைச் சுருக்காமல் ஷல்கரிலேயே விடுங்கள். கம்பாரேட்டருக்கே குவார்ட்ஸ் தேவைப்படுவதால் ஒரு ஷல்கர் குவார்ட்ஸைப் பிளாக் ஆக்காமல் உதிரியாகவே கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் அடுத்த ஃபில்டர் வரிசையைத் தொடங்க வேண்டும்.