சுட்டி எந்த எண்ணுக்கு உரியது? அடுக்குக்குறிச் சார்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லடியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும்போது, அடுக்குக்குறிச் சார்புகளில், அதாவது 2ˣ போல மாறி சுட்டியாக வரும் சார்புகளில், நேரும் பிழைகளிற் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து தொடங்குவதைக் காண்கிறேன்: சுட்டி (2⁴ என்பதில் மேலே சிறிதாக எழுதும் 4) எந்த எண்ணுக்கு உரியது என்பதைப் பிள்ளைகள் நின்று பார்ப்பதில்லை.

வாவிக் கரையில் இன்று 3 சதுர மீற்றர் பரப்பில் ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்க்களை கிடக்கிறது என்றும், அது கிழமைதோறும் இரட்டிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு கிழமைகளின் பின்னர் அதன் பரப்பு 3 × 2⁴, அதாவது 48 சதுர மீற்றர். 3ஐயும் 2ஐயும் முதலிற் பெருக்கி 6⁴ என்று எழுதுபவருக்கு 1296 கிடைக்கிறது. சுட்டி 2க்கு மட்டுமே உரியது. 3 என்பது தொடக்க அளவு. அடைப்புக்குறி இல்லாத −3² என்பது −9 ஆவதும், (−3)² என்பது 9 ஆவதும் இதே காரணத்தால்தான்.

சுட்டி 0 என்பது இன்றைய நாளைக் குறிக்கும். 2⁰ஐ 0 என்று எழுதும் பிள்ளையிடம், அப்படியானால் இன்று வாவியில் ஆற்றுவாழையே இல்லையா என்று கேட்பேன். 2⁻³ஐ −8 என்று எழுதுவது இன்னும் பரவலான தவறு. மூன்று கிழமைகளுக்கு முன்னர் இருந்த பரப்பு மறை எண்ணாக இருக்க முடியாது. 8, 4, 2, 1 என்று ஒவ்வொரு படியிலும் பாதியாகிக்கொண்டே வந்தால் அடுத்து வருபவை 1/2, 1/4, 1/8 என்பவையே. ஆகவே 2⁻³ என்பது 1/8. மறைச் சுட்டி விடையின் குறியை மாற்றுவதில்லை, தலைகீழ் எண்ணையே தருகிறது.

வீத வளர்ச்சியில் அடியை, அதாவது சுட்டியைத் தாங்கும் எண்ணை, தவறாக எடுப்போரும் உண்டு. ஆண்டுக்கு 10% கூட்டு வட்டி என்றால் அடி 1.1 ஆகும்; 0.1 அன்று. 100,000 ரூபாய் மூன்று ஆண்டுகளில் 133,100 ரூபாயாகும்.

மாறியின் வர்க்கத்தையும் (x²) 2இன் அடுக்கையும் (2ˣ) ஒன்றெனக் கருதுவோர், 2ஐயும் 4ஐயும் பிரதியிட்டுப் பார்த்து இரண்டும் சமமென நிறைவடைந்துவிடுகிறார்கள். 10ஐப் பிரதியிட்டால் ஒன்று 100, மற்றையது 1024.

வரைபில் புள்ளிகளை அடிமட்டத்தால் இணைப்பதையும் நான் விடாமற் கண்டிப்பதுண்டு. மூன்றரைக் கிழமையில் பரப்பு 24க்கும் 48க்கும் நடுவே 36 என்று அந்த நேர்கோடு காட்டும். ஓர் எண்ணைப் பெற 10க்கு இடவேண்டிய சுட்டியே அதன் மடக்கை. மடக்கை அட்டவணையில் 2இன் மடக்கை 0.3010; அதை 3.5ஆற் பெருக்கினால் 1.0535, அதன் முரண்மடக்கை, அதாவது அந்த மடக்கைக்கு உரிய எண், 11.31. இதுவே 2இன் 3.5ஆம் அடுக்கு. தொடக்க அளவு 3 ஆதலால் அதை மும்மடங்காக்கினால் ஏறத்தாழ 33.9 சதுர மீற்றரே வருகிறது, ஏனெனில் வளையி அந்தக் கோட்டுக்குக் கீழே தொய்ந்து செல்கிறது.