சிகரெட்டை விடும்போது ரத்தக்குழாய் விஷயத்தில் கோட்டை விடும் இடங்கள்

"ஒரு நாளைக்கு இருபது ஊதினவன், இப்ப ரெண்டுதான்" என்று என் பெரியப்பா சொல்வார். காலை டீயோடு ஒன்று, ராத்திரி சாப்பிட்டதும் ஒன்று. பதினெட்டை விட்டது சாதாரண விஷயமில்லை, ஆனால் ரத்தக்குழாயின் கணக்கு வேறு. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. தினம் இருபது பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் கிட்டத்தட்ட பாதி தினம் ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது என்றது அது. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி!

காரணம், ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒரே அடுக்காகப் படிந்திருக்கும் மெல்லிய செல்கள். குழாயைத் தளர்த்தி விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு அங்கேதான் சுரக்கிறது. கொஞ்சம் புகை போனாலே அது குறைந்துவிடும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்துவிடும். அதனால் குறைப்பது என்பது விடுவதற்கான படியாக இருக்கலாம், அங்கேயே உட்கார்ந்துவிடுவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு.

சிகரெட்டை விட்டுப் பீடிக்குப் போவது அடுத்தது. இலையில் சுருட்டியது, இயற்கையானது என்று ஒரு நம்பிக்கை. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், அந்த இலை வழியாகக் காற்றும் உள்ளே போகாது, ஆக கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் தார் என்ற புகைப் பிசுக்கும் சிகரெட்டைவிட அதிகமாகத்தான் உள்ளே போகின்றன.

கால் வலியை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் ரெண்டு நிமிடத்தில் சரியாகிறது, மறுபடி நடந்தால் அதே தூரத்தில் மறுபடி பிடிக்கிறது என்றால், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கால் விரல் சில்லென்று இருப்பது, ஆறாத புண், நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப நேரமாவது, இவையும் அப்படித்தான். 45 வயதுக்குள்ளேயே, முக்கியமாகப் புகைக்கும் ஆண்களுக்கு வரும் பர்ஜர் நோய் என்று ஒன்று உண்டு, நம் நாட்டில் பீடி பிடிப்பவர்களிடம் நிறையவே பார்க்கிறார்கள். விரலில் தொடங்கிக் காலையே எடுக்கிற நிலைக்குக் கொண்டுபோகும். அதை நிறுத்தும் ஒரே நிச்சயமான வழி, புகையிலையை எந்த வடிவிலும் தொடாமல் விடுவது. தினம் ஒன்றிரண்டு பிடித்தாலும் நோய் அடங்காது, வாயில் ஒதுக்கும் புகையிலையும் ஆகாது.

அப்புறம், "அதான் விட்டாச்சே" என்று பிரஷர் மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் நிறுத்துகிறவர்கள். கடைசி சிகரெட்டுக்கு இருபது நிமிடத்தில் நாடித்துடிப்பு இறங்கத் தொடங்கும், ஓரிரு நாளில் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தை விட்டுப் போய்விடும், ஒரு வருடத்தில் புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகும். ஆனால் ரத்தக்குழாயின் சுவரில் ஏற்கெனவே படிந்த கொழுப்பு அப்படியேதான் இருக்கும், அதற்குத்தான் மாத்திரை. அடைப்பை விரித்துப் பிடிக்க ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது.

புகைக்கும் ஆசையை அடக்கக் கொடுக்கும் நிகோடின் கம்மை பபிள்கம் மாதிரி மெல்லுவதும் சகஜம். வாய் எரிகிறது, விக்கல் வருகிறது என்று ரெண்டே நாளில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக இறங்காது. இன்னொரு உதவி சிகரெட் பாக்கெட்டிலேயே இருக்கிறது, புகையிலையை விட ஆலோசனை சொல்லும் தேசிய உதவி எண்: 1800-11-2356. கூப்பிடக் காசு கிடையாது.

பெரியப்பா அந்த ரெண்டையும் விட்டு ஏழு மாதமாகிறது. முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் மதகில் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே நடப்பார், கேட்டால் காற்று வாங்குவதாகச் சொல்வார். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், மாத்திரையும் தவறுவதில்லை. இப்போது போகும்போது மதகைக் கண்டுகொள்வதில்லை, திரும்பி வரும்போது மட்டும் உட்காருகிறார்.