ம்பண்டாக்காவில் சரக்கு எடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜூலையில், காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி ம்பண்டாக்காவிலிருந்து வாட்ஸப்பில் படம் அனுப்பினார். ஆற்றங்கரையில் புகைக்கருவாட்டுக் கூடைகள் வரிசையாக அடுக்கியிருக்க, பக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு அவர். "அண்ணே, பாதி விலைக்குக் கெடச்சிருச்சு" என்று கீழே எழுதியிருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதே கரையில், அதே மாதத்தில், அதே இளிப்போடு நானும் நின்றிருக்கிறேன். கொசுவலை கட்டு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஊர் தெரியாதவர்களுக்கு: ம்பண்டாக்கா காங்கோ ஜனநாயகக் குடியரசில், ருக்கி ஆறு காங்கோ ஆற்றில் கலக்கும் இடத்தில், கிட்டத்தட்ட நிலநடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. 1883-ல் ஸ்டான்லி என்ற வெள்ளைக்காரப் பயணி போட்ட முகாம்தான் ஊராக வளர்ந்தது, 1966 வரை பெயர் 'கொக்கிலாவில்' (Coquilhatville). சுற்றிலும் சதுப்புக் காடு. கின்ஷாசாவுக்கு ஆற்று வழியில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர், லாரியை நம்பிப் போகிற சாலை கிடையாது. விமானம் உண்டு, ஆனால் கருவாட்டை விமானத்தில் ஏற்றினால் கூலிக்கே கருவாட்டை விற்க வேண்டும். ஆக, எல்லாம் ஆறுதான்.

வெறுங்கையோடு மேலே போவது

பணத்தை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள். உப்பு, சோப்பு, நைலான் வலை, தூண்டில் முள், டார்ச் பேட்டரி, பழைய துணி, இதெல்லாம் கின்ஷாசாவிலிருந்து ஆற்றில் மேலே போகிற சரக்கு. மீன், மக்காச்சோளம், மரவள்ளி, பனை எண்ணெய், கரி, உலர்ந்த கம்பளிப்புழு (அங்கே அது சாப்பாடு) கீழே வருகிற சரக்கு. ஊரைத் தாண்டி மீனவர் முகாமுக்குப் போனால் உப்பு மூட்டைக்கு இருக்கிற மரியாதை நோட்டுக்கு இல்லை, ஏனென்றால் அந்த நோட்டை அங்கே வைத்து அவர் என்ன வாங்குவார்? போகிற படகிலும் லாபம் பார்க்கத் தெரியாதவர் வருகிற படகை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பார்.

சரக்கை வாங்கிவிட்டு அப்புறம் படகைத் தேடுவது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

ஜூலை, ஆகஸ்டில் ஆறு இறங்கிவிடும். காட்டுக்குள் பரவியிருந்த தண்ணீர் வடியும்போது மீனும் கூடவே வந்து வாய்க்காலிலும் மடுவிலும் ஒதுங்கும், மீனவர்கள் குடும்பத்தோடு மணல்திட்டில் குடிசை போட்டுத் தங்கிப் பிடிப்பார்கள், அங்கேயே புகை போடுவார்கள், சந்தைக்குக் கூடை கூடையாக வந்து இறங்கும், விலை விழும். புது ஆள் இதில்தான் மயங்குகிறார். தண்ணீர் இறங்கினால் படகும் தரைதட்டும் என்பது அவர் மூளைக்கு எட்டாது. என் மூளைக்கும் எட்டவில்லை.

60 கூடை எடுத்தேன். 3,000 டாலருக்குக் கொஞ்சம் மேல், பாதி என் பணம், பாதி மச்சானிடம் கைமாற்று. எடுத்து முடித்த பிறகுதான் படகு விசாரித்தேன். கிடைத்தது ஒரு பலெனியேர், மோட்டார் பொருத்திய பெரிய மரப்படகு. எப்போது கிளம்பும் என்றேன். "லோபி" என்றார் படகுக்காரர். அங்கே பேசுகிற லிங்காலா மொழியில் லோபி என்றால் நாளை. நேற்று என்றாலும் லோபிதான், இந்தியில் 'கல்' மாதிரி. துறையில் அதற்கு மூன்றாவதாக ஒரு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது: படகு நிறைந்த பிறகு. 11 நாள் லோபி சொன்னார். மக்காச்சோள மூட்டை வந்தது, எண்ணெய் பிடோன்கள் (பிளாஸ்டிக் கேன்கள்) வந்தன, கரி வந்தது, ஆடுகள் வந்தன, ஃபும்ப்வா கீரைக்கட்டு மலை மாதிரி வந்தது, என் கூடைகள் எல்லாவற்றுக்கும் அடியில்.

கிளம்பின மூன்றாம் நாள் திட்டில் ஏறி நின்றது. முன்னால் இரண்டு பையன்கள் நீளக் கம்பை விட்டு ஆழம் பார்த்துச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள், ஆனால் போன வாரம் இருந்த இடத்தில் இந்த வாரம் திட்டு இருக்காது. ஐந்து நாள் அங்கேயே. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எல்லோரும் தள்ளினோம். ராத்திரி எல்லோரும் அடங்கிய பிறகு அடியில் இருந்து ஒரு சின்னச் சரசரப்பு கேட்டது, காய்ந்த இலையைக் கையால் கசக்குவது மாதிரி. எலி என்று நினைத்தேன்.

கின்ஷாசாவின் கின்கோலே துறையில் முதல் கூடையைப் பிரித்தேன். வாலை வாய்க்குள் மடக்கிப் புகை போட்ட கெளுத்தி, வளையமாக, பார்க்க முழுசாகத்தான் இருந்தது. தூக்கினேன், தோல் மட்டும் கையில் நின்றது, உள்ளே இருந்ததெல்லாம் தவிடாக விரலிடுக்கில் கொட்டியது, அதில் ரோமம் முளைத்த குட்டிப் புழுக்கள். வண்டு விழுந்துவிட்டது. 60-ல் விற்றது 22.

அதே படகில் ஒரு மாமா வந்தார். (லிங்காலாவில் மாமா என்றால் அம்மா, வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும். நம் காதுக்கு ஒரு மாதம் உறுத்தும், அப்புறம் பழகிவிடும்.) அவரிடம் 15 கூடைதான். கூடுதல் காசு கொடுத்து எல்லாவற்றையும் கூரை மேல் ஏற்றி, அதன் மேலேயே படுத்தார். வெயில் வந்தால் பிரித்துக் காயப்போட்டார், திட்டில் கிடந்த ஐந்து நாளும் கரையில் விறகு பொறுக்கி மறுபடி புகை போட்டார். கடைசி நாள்தான் என்னிடம் வாயைத் திறந்தார். "இங்கே ஏதாவது மலிவாகக் கிடைத்தால், அது இங்கிருந்து வெளியே போக முடியவில்லை என்று அர்த்தம்." முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே, பாப்பா" என்றார். ஆண்களுக்கு அங்கே அதுதான் மரியாதைச் சொல். அன்றைக்கு எனக்குத் தமிழ் அர்த்தம்தான் பொருந்தியது.

சரி, என்ன செய்யலாம். முதலில் படகைப் பாருங்கள். முக்கால்வாசி நிறைந்து, எரிபொருள் டிரம்களும் ஏறிவிட்டதா? அதற்குப் பிறகு பணத்தை வெளியே எடுங்கள். தேதியைப் படகுக்காரரிடம் கேட்காதீர்கள், சரக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கவனியுங்கள். வழிச்சாப்பாட்டுக்கு இலையில் கட்டிய குவாங்காவை அவர்கள் வாங்க ஆரம்பித்தால் படகு கிளம்பப் போகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மரவள்ளிக் கட்டி சில நாள்தான் தாங்கும், அதை யாரும் முன்கூட்டி வாங்க மாட்டார்கள். மீனைத் தலைக்குப் பின்னால் ஒடித்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நம் மாசிக் கருவாடு மாதிரி கல்லாக இருக்காதுதான், ஆனால் விரலில் ஈரம் ஒட்டினால் அந்தக் கூடை கின்ஷாசா போய்ச் சேராது.

பூச்சிமருந்து

வண்டு விழாமலிருக்கக் கருவாட்டில் யாராவது தெளித்துத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மனிதர் சாப்பிடுகிற பொருள்.

காட்டு இறைச்சி

வேண்டாம். குரங்கு, எறும்புத்தின்னி, எதுவும் வேண்டாம். காட்டு இறைச்சியிலிருந்தும் தொற்றக்கூடிய எபோலா 2018-லும் 2020-லும் வந்த ஊர் இது.

சரக்குக்கு நடுவே அடுப்பு

மரப்படகு, பிளாஸ்டிக் கேனில் எரிபொருள், பக்கத்தில் கரியடுப்பு. 2025 ஏப்ரலில் ம்பண்டாக்கா பக்கத்தில் சுமார் 400 பேரோடு போன படகு எரிந்ததற்கு, படகில் மூட்டிய சமையல் நெருப்பே காரணம் என்றார்கள். நூற்றுக்கு மேல் இறந்தார்கள், நீச்சல் தெரியாதவர்கள் நிறைய. நான் ஏறும் படகில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கையை விரிப்பேன், ராத்திரியிலும் ஓட்டுவேன் என்கிற படகில் ஏறவே மாட்டேன். உயிர்காப்புச் சட்டையைக் கின்ஷாசாவிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒவ்வொரு துறையிலும் சண்டை போடுவது

நிற்கிற இடத்திலெல்லாம் ஒருவர் சீட்டோடு வருவார். கடற்படை, குடியேற்றம், சுகாதாரம், வேளாண்மை. முதல் பயணத்தில் எல்லோரிடமும் சட்டம் பேசினேன், படகு அரை நாள் தாமதமானது, மொத்தப் படகும் என்னைத் திட்டியது. பெண்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரே தொகை பேசி முடிப்பார்கள், அதில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். ரசீது தந்தால் பத்திரப்படுத்துங்கள், அடுத்த துறையில் அதே வரியை மறுபடி கேட்பார்கள்.

கிழிந்த டாலர்

ஓரத்தில் மயிரிழை கிழிசல் இருந்தாலும் அங்கே அது வெறும் காகிதம். புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் போங்கள், சில்லறைக்கு 500 பிராங்க் கட்டு ஒன்று தனியாக.