ஆள் இல்லாத நேரத்தில் ஆட்டையைப் போடுவது: ஆன்லைன் கேமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் ராத்திரி பதினொரு மணிக்குக் கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும். பலர் சேர்ந்து ஆடும் கேமை நடத்தும் சர்வர் மட்டும் வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும், மற்றவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். காலையில் உள்ளே வந்து பார்த்தால், கேமில் நீங்கள் பொருள் சேர்த்து வைத்த பெட்டி காலி. குரூப்பில் சண்டை ஆரம்பிக்கும். "கேமே விடுது, எடுத்தேன். இதுல என்னடா தப்பு?" என்பான் ஒருவன். "நான் இல்லாதப்ப கை வச்சா அது திருட்டுதான்" என்பான் இன்னொருவன். ரெண்டு பேர் சொல்வதும் அரைகுறை.

முதல் தவறு அங்கேதான். கேம் தடுக்காதது எல்லாம் விதிப்படி சரி என்று நினைப்பது. கேரம் பலகையைப் பாருங்கள். ராணியைப் போட்டுவிட்டுக் கவர் எடுக்காமல் விட்டால் ராணி மறுபடி நடுவுக்கு வரணும். அதைப் பலகை சொல்வதில்லை, ஆடுகிறவர்கள் ஒத்துக்கொண்ட விதி சொல்கிறது. வியாசர்பாடி கிளப்பில் போய் "பலகை என்னைத் தடுக்கலையே" என்றால் அடுத்த ஆட்டத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆன்லைனிலும் மூன்று அடுக்கு உண்டு: கேம் செய்ய விடுவது, அந்த சர்வர் அனுமதிப்பது, அடுத்தவர் அக்கவுண்டுக்குள் நுழைவது. முதல் இரண்டும் சர்வருக்கு சர்வர் மாறும். மூன்றாவது எந்த கேமிலும் ஆட்டம் ஆகாது.

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே நம்பவைத்துக் கழுத்தறுப்பதே ஆட்டத்தின் பகுதி. 2005-ல் ஒரு கூட்டம் மாதக்கணக்கில் எதிரி ஆட்டக்காரர்களின் குழுவுக்குள் ஆள் நுழைத்து, ஒரே நாளில் கிடங்கைச் சுருட்டியது. கேம் நிறுவனம் அதைத் தடுக்கவில்லை. அதே பொருளைப் பாஸ்வேர்டைத் திருடி எடுத்திருந்தால் எடுத்தவனின் அக்கவுண்டே முடக்கப்பட்டிருக்கும்.

அடுத்த தவறு, 'ஆஃப்லைன்' என்றால் என்ன என்று சொல்லாமலே "ஆஃப்லைன்ல இருக்கிறவனை அடிக்கக்கூடாது" என்று விதி போடுவது. பெரும்பாலான சண்டைக்கு மூலம் இதுதான். வெளியேறிய அந்த நொடியே பாதுகாப்பு என்றால், தோற்கப்போகிறவன் வயரைப் பிடுங்குவான். அடி விழுந்துகொண்டிருக்கும்போதே ஓடிவிட்டு, "நான் ஆஃப்லைன்" என்பான். கோட்டை கட்டிப் பிழைக்கும் ஆர்க் கேமில் ஆஃப்லைன் பாதுகாப்பை இயக்கும்போது, வெளியேறி எவ்வளவு நேரம் கழித்து அது தொடங்கணும் என்று சர்வர் நடத்துபவர் விநாடிக் கணக்கில் வைக்க முடிவது இதற்காகத்தான். 15 நிமிடம் என்றால் 900 விநாடி. சின்ன குரூப்புக்கு அது போதும். ஏற்கனவே தொடங்கிவிட்ட தாக்குதலை, எதிராளி வெளியேறினாலும் முடிக்கலாமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குழுவாக ஆடினால் எல்லா உறுப்பினரும் போன பிறகா, வீட்டுக்காரன் போனாலே போதுமா? இதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் பாதி வம்பு குறையும்.

கோட்டை கட்டி அடுத்தவர் கோட்டையை உடைக்கும் ரஸ்ட் கேமை ஆடுபவர்கள் செய்யும் தவறுகள் வேறு ரகம். அங்கே நீங்கள் வெளியேறினாலும் உங்கள் உருவம் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். யார் வேண்டுமானாலும் கொன்று இடுப்புப் பையில் இருப்பதை உருவலாம். அதனால் துப்பாக்கியும் கவசமும் மாட்டியபடி தூங்கப் போகாதீர்கள். பெட்டியில் வைத்துவிட்டு வெறும் ஆளாய்ப் படுங்கள். அடுத்தது சுவர்க் கணக்கு. இரும்புத் தகட்டுக் கதவை உடைக்க 4 சாட்சல் குண்டு (கேமில் கிடைக்கும் ஒரு வெடி) போதும். கல் சுவருக்கு 10 வேண்டும். இரும்புத் தகட்டுச் சுவருக்கு 23. எதிராளி எது மலிவோ அந்த வழியாகத்தான் வருவான். "சுவரெல்லாம் இரும்பு, கதவு ஒண்ணுதான்" என்று கட்டிய கோட்டையின் விலை அந்த ஒரு கதவின் விலைதான். கல் சுவரின் உட்பக்கம் மென்மையானது, குந்தாலி மாதிரியான சாதாரணக் கருவிக்கே மசியும். சுவரைத் திருப்பி வைத்தவன் தானே கதவைத் திறந்துவைத்த மாதிரி.

கதவுப் பூட்டின் ஒரே நாலு இலக்கக் குறியீட்டை மொத்தக் கூட்டத்துக்கும் கொடுப்பதும் வழக்கமான சொதப்பல். சரியான எண்ணை ஒருமுறை போட்டவரைப் பூட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒருவன் விலகிப் போனால் எண்ணை மாற்றணும், மாற்றினால்தான் பழைய பட்டியல் அழியும். டூல் கப்போர்டில், அதாவது கோட்டையில் யார் கட்டலாம் என்பதையும் பராமரிப்பையும் கவனிக்கும் அலமாரியில், அனுமதி பெற்றவர் பட்டியலையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றணும். கதவை மாற்றிவிட்டுக் கப்போர்டை மறப்பவர்கள் அதிகம்.

அந்தக் கப்போர்டில் பராமரிப்புச் சரக்கு தீர்ந்தால் திருடனே தேவையில்லை. கல் கட்டடம் முழு பலத்தில் இருந்தாலும் சுமார் 5 மணி நேரத்தில் உதிர்ந்துவிடும், மரம் 3 மணி நேரத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, நெட் இல்லை. தண்ணீரில் மாட்டியவன் கேமைப் பற்றி எங்கே யோசிப்பான்? நம்ம ஊர் ஆட்கள் ஆடும் சர்வர் என்றால் 'புயல், வெள்ளம், பகுதி முழுக்க மின்வெட்டு வந்தால் தாக்குதலும் சிதைவும் நிறுத்தப்படும், யார் அறிவிப்பது' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். மழை சீசனுக்கு முன்னாலேயே எழுதி வையுங்கள்.

மைன்கிராஃப்ட்டில் தவறு பெரும்பாலும் சர்வர் நடத்துபவருடையது. எண்டர் பெட்டி தவிர வேறெந்தப் பெட்டிக்கும் இயல்பில் பூட்டு கிடையாது. எண்டர் பெட்டியில் 27 இடம், உள்ளே இருப்பது உங்களுக்கு மட்டும் தெரியும். ஷல்கர் பெட்டிகளை (உள்ளே இருக்கும் பொருளோடு தூக்கிப் போகக்கூடியவை) நிரப்பி அதில் அடுக்கினால் பெரிய கிடங்கே அடங்கும். வைரத்தை மரப்பெட்டியில் போட்டுவிட்டு அழுவதில் அர்த்தமில்லை. நிலத்தைக் காக்கும் கூடுதல் மென்பொருளான கிரீஃப்ப்ரிவென்ஷன் போட்ட சர்வரில் நிலத்தைத் தங்க மண்வெட்டியால் அளந்து உங்களுடையது ஆக்கலாம். ஆனால் நண்பன் கட்டில், பொத்தான் மட்டும் பயன்படுத்தினால் போதும் என்ற இடத்தில் முழு அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். அதில் மூன்று படி உண்டு: பொத்தான்-கட்டில், பெட்டி, கட்டுமானம். தேவைக்கு மேல் ஒரு படியும் ஏற்றாதீர்கள்.

யார் எதை எடுத்தார் என்று பதிவு வைக்கும் கோர்ப்ரொடெக்ட் மென்பொருளைத் திருட்டு நடந்த பிறகு நிறுவுவதும் வழக்கமாகிவிட்டது. நிறுவிய நேரத்துக்கு முன்னால் நடந்தது அதற்குத் தெரியாது. முதல் நாளே போட்டிருந்தால், சோதனை நிலையை இயக்கிப் பெட்டியை வலது சொடுக்கினால் இப்படி ஒரு வரி வரும்: "4 மணி நேரம் முன், இன்ன பெயர், 37 வைரம் எடுத்தார்." அதற்குப் பிறகு விவாதமே இல்லை.

அதை வைத்தே எடுத்ததைத் திருப்பி வைக்கும்போது கவனம். ஆள் பெயரும் நேரமும் மட்டும் கொடுத்துப் பின்னோக்கி ஓட்டினால், அவன் அங்கே நேர்மையாகக் கட்டிய வீடும் சேர்ந்து மறையலாம். பெட்டிப் பரிமாற்றம் மட்டும் என்று குறுக்கி, சுற்றளவையும் சில கட்டங்களுக்குள் வையுங்கள். பெட்டி நிரம்பிய பிறகும் அவன் பையில் பழைய வைரம் கிடக்கலாம். முதலில் அதைப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் சர்வரில் வைரம் இரட்டிப்பாகும்.

கடைசியாக அக்கவுண்ட். "ஊருக்குப் போறேன் மச்சி, என் ஐடியப் பாத்துக்க" என்று பாஸ்வேர்டைக் கொடுப்பதும், ஓடிபியை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் தவறுகளிலேயே பெரியது. கேமுக்குள் பறிகொடுத்தால் அட்மினிடம் போகலாம். அக்கவுண்ட் போனால் அவராலும் ஒன்றும் ஆகாது. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66சி பிரிவின்கீழ் குற்றம்: 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2012-ல் இன்னும் ஒரு படி போனது. ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமின் பொருளுக்காக ஒரு சிறுவனை நேரில் அடித்து மிரட்டிப் பறித்த வழக்கில், கேமுக்குள் இருப்பதும் திருடக்கூடிய பொருள்தான் என்றது.

அக்கவுண்ட் போய்விட்டால், எடுத்தவனோடு சாட்டில் சண்டை போட்டு நேரத்தை ஓட்டாதீர்கள். உள்ளே வந்த நேரம், புதிய சாதனம் பற்றி வந்த மின்னஞ்சல், வாங்கியதற்கான ரசீது எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு, கேம் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் அன்றைக்கே டிக்கெட் போடுங்கள். பணமும் போயிருந்தால் அந்த மணி நேரத்துக்குள்ளேயே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கவும்.