ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு ஒரு தன்னார்வ டிசைன் குழு: ஆள் சேர்ப்பது முதல் முடிவெடுப்பது வரை

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு டிசைன் செய்ய ஆளே கிடைப்பதில்லை என்று பலர் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிசைன் படிக்கும் பிள்ளைகள், ஏஜென்சி வேலைக்கு நடுவில் மனசுக்குப் பிடித்ததாக ஏதாவது செய்யத் துடிப்பவர்கள் என்று கேட்டால் வந்துவிடுவார்கள். வந்தவர்கள் நிலைப்பதில்லை, அதுதான் சிக்கல். அவர்கள் வரைந்து கொடுத்தது எதுவும் மென்பொருளுக்குள் போய்ச் சேராது. யார் சரி சொன்னால் வேலை நகரும் என்பது யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் சத்தமில்லாமல் கழன்றுகொள்வார்கள்.

நான் இருக்கும் குழு ஒரு குறிப்பெடுக்கும் செயலிக்கு வேலை செய்கிறது. திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் ஜெர்மனியில், கோடு (நிரல்) எழுதுபவர்களில் பாதிப் பேர் கோயம்புத்தூரில், டிசைனர்கள் நாங்கள் இங்கே. இப்போது வண்டி ஓரளவு ஓடுகிறது. எப்படி என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு. கிட் என்றால் என்ன, இஷ்யூ (திட்டத்தின் தளத்தில் போடும் வேலைக் குறிப்பு) எப்படித் திறப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: முதலில் மெயின்டெய்னரோடு பேசுங்கள்

ஆள் சேர்ப்பதற்கு முன்னாலேயே இதை முடித்துவிட வேண்டும். செயலியில் எந்தப் பகுதியில் டிசைன் குழுவின் சொல் செல்லும், எந்தப் பகுதியில் வெறும் ஆலோசனை மட்டும், ஒரு டிசைனுக்கு எத்தனை நாளுக்குள் பதில் வரும் என்பதையெல்லாம் கேட்டு, ரெப்போவிலேயே (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) ஒரு சின்ன மார்க்டவுன் கோப்பாகப் போட்டுவிடுங்கள். அரைப் பக்கம் போதும். அதை மெயின்டெய்னரே மெர்ஜ் செய்ய (திட்டத்தோடு இணைக்க) வேண்டும். நாளைக்கு ஏதாவது வாக்குவாதம் வந்தால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.

அதோடு, டிசைனைக் கோடாக மாற்றித் தர ஒரு புரோக்ராமராவது பெயர் கொடுத்திருக்க வேண்டும். அப்படி ஒருவர்கூட இல்லையென்றால் குழுவைத் தொடங்காதீர்கள். கண்டிப்பாகத்தான் சொல்கிறேன்.

படி 2: ஆள் சேர்ப்பு

மூன்று பேர் போதும். 2014ல், லினக்ஸ் டெஸ்க்டாப் ஒன்றை உருவாக்கும் கேடிஇ சமூகம் தன் விஷுவல் டிசைன் குரூப்பைத் தொடங்கியபோது யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். அவ்வளவு பெரிய சமூகத்துக்கு அது சரி. புதிதாகத் தொடங்கும் நமக்கு முதல் வெளியீடு வரை சின்னக் குழுதான் தோது.

இங்கே ஆட்களை வைத்துத் திட்டமிடும்போது இரண்டு விஷயத்தைக் கணக்கில் எடுங்கள். ஒன்று, பையன்களுக்கு ரிசர்விஸ்ட் (தேசிய சேவை முடித்தவர்களுக்கான ராணுவ மறுபயிற்சி) வரும். முகாமுக்குப் போய்விட்டால் ஃபிக்மா, பென்பாட் போன்ற டிசைன் கருவி எதுவும் கிடையாது. மாணவர்களுக்குத் தேர்வு வரும். அதனால் எந்த வேலையும் யார் பெயரிலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று வைத்திருக்கிறோம். இரண்டு வாரம் அசைவில்லை என்றால் இஷ்யூவிலிருந்து பெயர் தானாக எடுக்கப்படும். இதில் கோபமும் இல்லை, விளக்கம் கேட்பதும் இல்லை. திரும்பி வந்ததும் அவரே மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று வேலை ஒப்பந்தம். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் தன் வேலையின் பகுதியாக உருவாக்குவதற்கு, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை, முதலாளிதான் முதல் உரிமையாளர். சில ஒப்பந்தங்களில் அதையும் தாண்டி, வேலைக்கு வெளியே செய்வதையும் இழுத்துப் பிடிக்கும் பத்தி இருக்கும். ஏஜென்சியில் இருப்பவர்கள் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் அலுவலகத்தில் எழுத்தில் சம்மதம் வாங்கி வைப்பது நல்லது. அலுவலக மடிக்கணினியில் இந்த வேலையைத் திறக்கவே வேண்டாம்.

லினக்ஸ் கெர்னலில் 2004லிருந்து புழங்கும் டிசிஓ (பங்களிப்பவரின் உரிமை உறுதிமொழி) என்ற முறையை நாங்களும் எடுத்துக்கொண்டோம். 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்று பங்களிப்பவர் ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவு செய்யும் மாற்றத்திலும்) தன் பெயரோடு ஒரு வரி சேர்ப்பார். டிசைனர்கள் பலர் கமிட் செய்வதில்லை என்பதால், கோப்பை இணைக்கும் இஷ்யூவிலேயே அந்த வரியை எழுதச் சொல்கிறோம்.

படி 3: எல்லாம் இஷ்யூவில்

வாட்ஸ்அப், டெலிகிராம் எங்கே வேண்டுமானாலும் பேசுங்கள். முடிவு மட்டும் இஷ்யூவில் இருக்க வேண்டும். இஷ்யூவில் இல்லாததை யாரும் கோடாக எழுத மாட்டார்கள்.

லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளைப் பாருங்கள். டிசைன் குழுவின் கருத்து தேவைப்படும் வழுக்களுக்கு அவர்களின் பக்ஸில்லா என்ற வழுப் பட்டியலில் தனிக் குறிச்சொல்லே உண்டு. குழு அந்தப் பட்டியலை எடுத்து வைத்துப் பேசி, கூட்டக் குறிப்பை வெளியிடும். நாங்கள் அதையே சுருக்கி மூன்று லேபிள் வைத்திருக்கிறோம்: 'டிசைன் தேவை', 'டிசைன் பேச்சில்', 'டிசைன் முடிந்தது'. இதற்கு மேல் லேபிள் சேர்க்க யாராவது ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள்.

ஒரு நல்ல டிசைன் இஷ்யூ எப்படி இருக்கும் என்பதற்கு எங்களிடம் வந்த ஒன்று. தமிழ் இடைமுகத்தில் 'நீக்கு' பட்டனில் எழுத்தின் மேல்பகுதி வெட்டுப்பட்டது. 'நீ' எழுத்தின் மேலே உள்ள சுழி காணாமல் போய் 'நிக்கு' என்றே தெரிந்தது. கீழே 'கு'வின் வளைவும் பட்டனின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆங்கில எழுத்துக்குப் பார்த்து வைத்த வரி உயரம் தமிழுக்குப் போதவில்லை, அதுதான் காரணம். இஷ்யூவில் இருந்தது இவ்வளவுதான்: ஆண்ட்ராய்டில் எழுத்தளவைப் பெரிதாக்கி எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட், அதன் மேல் சிவப்பு வட்டம், 'தமிழில் மட்டும் நடக்கிறது, மலாயிலும் சீனத்திலும் இல்லை' என்று ஒரு வரி, அப்புறம் இரண்டு தீர்வு. ஒன்று வரி உயரத்தைக் கூட்டுவது, இன்னொன்று பட்டனின் நிலையான உயரத்தை எடுத்துவிடுவது. கோயம்புத்தூர் நண்பர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை இணைக்கக் கேட்பது) போட்டார். 'தமிழ் எழுத்துரு அசிங்கமாக இருக்கிறது' என்று மட்டும் யாராவது எழுதியிருந்தால் அது இன்றும் திறந்தே கிடந்திருக்கும்.

படி 4: முடிவெடுப்பது (இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்)

மற்ற படிகளில் தடுமாறினாலும் எழுந்துகொள்ளலாம். இந்தப் படியில் தடுமாறினால் குழு கலைந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செயலியைத் திறந்ததும் பக்கப்பட்டி திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா? கேட்க அற்பமாக இருக்கும். எங்கள் குழுவில் இந்த ஒரு கேள்வி வாரக்கணக்கில் ஓடியது. கல்யாண வீட்டுச் சமையல்காரரிடம் ஆளுக்கொருவர் வந்து உப்பு, காரம் சொல்வதுபோல எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. கோடு எழுதும் கடினமான விஷயத்தில் வாயைத் திறக்காதவர்கள்கூட இதில் நீளமாக எழுதினார்கள். ஒரு தோழி மூன்றாவது முறையாகத் திருத்தி வரைந்து போட்டார். அதற்கும் 'எனக்கென்னவோ பழையதே பிடித்திருக்கிறது' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை.

அதன் பிறகு எழுதி வைத்த விதிகளைத்தான் இன்றைக்கும் பின்பற்றுகிறோம். ஒவ்வொரு இஷ்யூவுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். கருத்து சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, முடிவை எழுதுவது அவர் மட்டும். அவர் தன் முன்மொழிவைப் போட்ட பிறகு 72 மணி நேரம் காத்திருப்பார். யாரும் மறுக்கவில்லை என்றால் சம்மதம் என்று அர்த்தம். அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அறக்கட்டளையின் திட்டங்களில் உள்ள 'லேசி கன்சென்சஸ்' முறையிலிருந்து எடுத்தது இது. அங்கே வாக்கெடுப்பைக் குறைந்தது 72 மணி நேரம் திறந்து வைப்பது வழக்கம். கோடு மாற்றத்துக்கு ஒருவர் மைனஸ் ஒன்று (எதிர்ப்பு வாக்கு) போட்டால் அது தடை. ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லாத தடை செல்லாது.

நாங்கள் அதை டிசைனுக்குப் பொருத்தினோம். 'பிடிக்கவில்லை' என்பது கருத்து. 'கண்பார்வை குறைந்தவர்களுக்கு இந்த நிறம் தெரியாது', 'இதைச் செய்தால் பழைய கோப்பு திறக்காது' என்பவைதான் தடை. தடை போடுபவர் யாருக்கு, எந்த இடத்தில் பாதிப்பு என்று சொல்லியே ஆக வேண்டும். பொறுப்பாளரும் தடை போட்டவரும் ஒத்துவராவிட்டால் குழுத் தலைவர் முடிவு செய்வார். தொழில்நுட்பச் சிக்கல் என்றால் மெயின்டெய்னர். மெயின்டெய்னருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: மறுத்தால் காரணத்தை இஷ்யூவில் எழுத வேண்டும். அவர் முகம் சுளித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார்.

முடிவை இப்படி எழுதுங்கள்:

"முடிவு: முதல் முறை பக்கப்பட்டி திறந்திருக்கும். பயனர் மூடினால் அப்படியே நினைவில் வைக்கப்படும். காரணம்: புதியவர்கள் கோப்புறைகளைத் தேடி அலைகிறார்கள். மறுப்பு: சின்னத் திரையில் இடம் போதாது, அதனால் கைபேசியில் இது கிடையாது. மறுபடி பேசுவது: அடுத்த பெரிய வெளியீட்டுக்குப் பிறகு, அல்லது புது ஆதாரம் வந்தால்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் புதிதாக வரும் ஒவ்வொருவரும் பழைய சண்டையைத் தோண்டி எடுப்பார்கள்.

இரண்டு தரப்பும் விடாப்பிடியாக நின்றால் 'இரண்டையும் விருப்பத்தேர்வாக வைத்துவிடலாமே' என்று யாராவது சமாதானம் பேசுவார்கள். லிப்ரே ஆபீஸ் 2017ல் 5.3 பதிப்பில் நோட்புக்பார் என்ற புது வகைக் கருவிப்பட்டையைச் சோதனை வசதியாகக் கொண்டுவந்தபோது பழைய கருவிப்பட்டைகளை எடுக்கவில்லை, பயனரே தேர்ந்துகொள்ளலாம். அவ்வளவு பெரிய பயனர் கூட்டத்தை வைத்துக்கொண்டு அவர்கள் செய்தது நியாயம்தான். மூன்று பேர் குழு அப்படிச் செய்தால் ஒவ்வொரு திரையையும் இரண்டு முறை வரைந்து, இரண்டு முறை சோதிக்க வேண்டும். வேண்டாம் சாமி.

படி 5: கூட்டம்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம். நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) அறிவியுங்கள். யூடிசி 13:00 என்றால் இங்கே இரவு 9, கோயம்புத்தூரில் மாலை 6.30. ஜெர்மனியில் குளிர்காலத்தில் பிற்பகல் 2, கோடையில் 3. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் மாறும், நமக்கு மாறாது. நாட்காட்டி அழைப்பை ஜெர்மனி நேரத்தில் போட்டால் நம் ஆட்கள் ஒரு மணி நேரம் முன்பின்னாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். குறிப்பெடுப்பதை முறைவைத்துச் செய்யுங்கள். அன்றிரவே ரெப்போவில் போட்டுவிடுங்கள்.

படி 6: கருவியும் உரிமமும்

பென்பாட்டுக்குத்தான் என் ஓட்டு. அதுவே ஓப்பன் சோர்ஸ், நம் சொந்த சர்வரில் டாக்கர் என்ற கருவி வைத்து ஓட்டலாம். ஃபிக்மா கைக்குச் சுகமானது, மறுக்கவில்லை. ஆனால் 2022ல் அடோபி அதை 2,000 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து, 2023 டிசம்பரில் கைவிட்டது வரை, எங்கள் கோப்புகளின் கதி என்ன என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தது. ஐகான்களுக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகருவி போதும். எதில் வரைந்தாலும் இறுதி எஸ்விஜி படக்கோப்பு ரெப்போவில் இருக்க வேண்டும்.

உரிமத்தில் 'வணிக நோக்கமற்றது' என்ற நிபந்தனை உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் வகையைத் தொடாதீர்கள். கட்டற்ற மென்பொருளோடு அது ஒத்துப்போகாது. ஐகான்களை நாங்கள் சிசி0வில் (உரிமைகளை விட்டுக்கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் வகை) விடுகிறோம். சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 (பெயர் சொல்லி, அதே உரிமத்தில் பகிர்வது) வேண்டுமென்றால் அதை ஜிபிஎல் 3 என்ற மென்பொருள் உரிமத்துக்குள் கொண்டுபோகலாம். திரும்பி வர வழி கிடையாது. எழுத்துருவுக்கு எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமம் உள்ளதாகத் தேடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் அப்படிப்பட்டது.

படி 7: தலைமை

ஆறு மாதத்துக்கு ஒருவர், அப்புறம் அடுத்தவர். எல்லாக் கணக்குக்கும் இரண்டு பேரிடம் முழு அனுமதி இருக்கட்டும். நடத்தை விதிக்கு கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற ஆயத்த விதித்தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களே எழுத உட்காராதீர்கள். புகார் போகும் முகவரியை மட்டும் இரண்டு பேர் படிக்கும்படி வையுங்கள், ஒருவர் மேலேயே புகார் வரலாம்.

பிற்சேர்க்கை

72 மணி நேர விதியைப் படித்துவிட்டு ஒரு வாசகர் சீனப் புத்தாண்டைப் பற்றிக் கேட்டார். நியாயமான கேள்வி. விடுமுறைக்கு முதல் நாள் இரவு முன்மொழிவைப் போட்டால் யாரும் பார்க்காமலே அது 'சம்மதம்' ஆகிவிடும். இப்போது சிங்கப்பூர், இந்தியா, ஜெர்மனி மூன்றில் எங்கே பொது விடுமுறை வந்தாலும் அந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தீபாவளி வாரத்தில் எதையும் முன்மொழிவதே இல்லை.

குழு வளர்ந்துவிட்டது, டீ-ஷர்ட்டுக்குப் பணம் வசூலிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். கவனம். சிங்கப்பூரின் சங்கங்கள் சட்டத்தில் 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்த அமைப்பு 'சங்கம்' என்ற வரையறைக்குள் வரும். பதிவு செய்ய வேண்டிய நிலை வரலாம். உள்ளூரில் தனிப் பெயர், தனி உறுப்பினர் பட்டியல், தனிக் கணக்கு என்று தொடங்குமுன் சங்கப் பதிவாளர் அலுவலகத்தின் இணையத்தளத்தைப் படித்துவிடுங்கள். ஒருவரின் பேநவ் எண்ணில் பணம் சேர்ப்பதையும் தவிருங்கள். தாய்த் திட்டத்துக்கே ஒரு குடை அமைப்பு இருந்தால் பணம் அதன் வழியாகப் போகட்டும். இங்க்ஸ்கேப்பின் பணமும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி வழியாகத்தான் போகிறது.

மெயின்டெய்னர் பதிலே தராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விதான் அதிகம் வருகிறது. முடிவான இஷ்யூக்களில் சின்னதாக இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் புரோக்ராமரை வைத்து நேராகப் புல் ரிக்வெஸ்ட் போட்டுப் பாருங்கள். ஒரு முழு வெளியீடு கடந்தும் ஒன்றுகூட மெர்ஜ் ஆகவில்லை என்றால் அந்தத் திட்டத்துக்கு டிசைன் குழு வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு, குழுவோடு வேறு திட்டத்துக்குப் போய்விடுங்கள். சிசி0வில் விட்ட ஐகான்களையும் கையோடு கொண்டுபோகலாம்.