நகரிடை ரயில் பாதை: முதலில் கால அட்டவணை, பிறகு தண்டவாளம்

இரு நகரங்களுக்கிடையே புதிய பயணிகள் ரயில் பாதை அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வரைபடத்தில் கோடு போடுவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே கால அட்டவணையை எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு பேர், எந்த நேரத்தில், எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதைப் பேருந்து, கார், விமானப் பயணங்களையும் சேர்த்துக் கணக்கெடுத்து, மணிக்கு எத்தனை ரயில்கள் ஓடும், எங்கெங்கே நிற்கும் என்று முடிவு செய்த பிறகுதான் எந்த வேகம் போதும் என்பது தெரியவரும்.

சுவிட்சர்லாந்து இப்படித்தான் செய்தது. 1987-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட ‘ரயில் 2000’ திட்டத்தின்படி, முக்கியச் சந்திப்புகளுக்கு இடையிலான பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக இருந்தால், எல்லாத் திசை ரயில்களும் மணிக்கொருமுறை அங்கே ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து, பயணிகள் மாறி ஏறியதும் புறப்பட்டுவிடலாம். பெர்ன்–சூரிச் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. 2004-இல் சுமார் 45 கிலோமீட்டர் புதுப்பாதை திறக்கப்பட்டதும் அது ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது. அதற்கு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகமே போதுமானதாக இருந்தது.

வேகத்தைத் தேவைக்கு மேல் கூட்டினால் செலவு பல மடங்காகும். வளைவின் ஆரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 200-லிருந்து 300-க்குப் போகும்போது இரண்டேகால் மடங்கு ஆரம் தேவைப்படும். ஊர்களையும் குன்றுகளையும் சுற்றிச் செல்ல முடியாமல் பாதை அவற்றை ஊடுருவ நேரும். சரக்கு ரயிலும் ஓடுமா என்பதையும் அப்போதே தீர்மானிக்க வேண்டும். 1981-இல் முதல் பகுதி திறக்கப்பட்ட பாரிஸ்–லியோன் அதிவேகப் பாதை பயணிகளுக்கென்றே அமைந்ததால், 3.5 சதவீதம் வரையிலான ஏற்றங்களோடு சுரங்கங்களே இல்லாமல் கட்டப்பட்டது. மண் ஆய்வு, நில எடுப்பு, பணிமனைக்கான இடம் ஆகியவை இந்த முடிவுகளைத் தொடர்ந்து வரும்.

நிலையத்தின் இடத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். 300 கிலோமீட்டரைச் சராசரி 200 வேகத்தில் கடக்க 90 நிமிடம், 250 வேகத்தில் 72 நிமிடம். இப்படிச் சேமித்த 18 நிமிடங்களும் ஊருக்கு வெளியே கட்டிய நிலையத்திலிருந்து நகர மையத்துக்குப் போகும் பேருந்திலேயே கரைந்துவிடும்.

கடைசியாக, மாறி ஏறும் நேரத்தை நடந்தே அளந்து பாருங்கள். பெட்டியோடு ஒரு முதியவர் இறங்கி, படியேறி, மேம்பாலம் கடந்து, அடுத்த நடைமேடையில் தான் ஏற வேண்டிய ரயில் பெட்டி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எத்தனை நிமிடங்கள் ஆகின்றனவோ அவற்றையே அட்டவணையில் எழுதுங்கள். அவை அதிகமென்று தோன்றினால், இணைப்பு ரயில் அதே நடைமேடையின் மறுபக்கம் வந்து நிற்குமாறு தண்டவாள அமைப்பை மாற்றி வரையுங்கள்.