பல்புக்கு எத்தனை ஓம்? மீட்டர் ஒன்று சொல்கிறது, கணக்கு வேறு சொல்கிறது

பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வைத்துக்கொண்டு போன வாரம் அரை நாள் மண்டை காய்ந்தேன். பல்பின் மேல் 12 வோல்ட், 10 வாட் என்று போட்டிருந்தது. மல்டிமீட்டரை ஓமில் திருப்பி அளந்தால் ஒன்றரை ஓம். 12-ஐ 1.5-ஆல் வகுத்தால் 8 ஆம்பியர், அதாவது 96 வாட்! ஹெட்லைட்கூட அவ்வளவு இழுக்காது.

சூத்திரம் இரண்டுதான், பள்ளியில் படித்ததே:

தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

1. பல்பை பேட்டரியில் இணைத்து எரியவிடுங்கள். எரியும்போதே பல்பின் இரண்டு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். எனக்கு 12.3 வந்தது.

2. அடுத்தது ஆம்பியர். இங்கேதான் நான் ஒரு பியூஸைப் பலி கொடுத்தேன். வோல்ட் மாதிரி இரு முனையிலும் வைத்து அளக்கக் கூடாது. ஒரு வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரைச் சேர்க்க வேண்டும்; மின்னோட்டம் முழுதும் மீட்டர் வழியாகப் போகும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள். நான் மில்லிஆம்பியர் துளையிலேயே விட்டிருந்தேன், உள்ளே இருந்த பியூஸ் போய்விட்டது. வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் பார்த்த துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரியில் வோல்ட் பார்க்கப் போனால் நேராக ஷார்ட் சர்க்யூட்தான். எனக்கு வந்த அளவு 0.84 ஆம்பியர்.

3. 12.3 ÷ 0.84 = 14.6 ஓம். 12.3 × 0.84 = 10.3 வாட். பல்பின் மேல் போட்டிருந்ததற்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அப்போது அந்த ஒன்றரை ஓம்? அதுவும் சரிதான். டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது தடை குறைவு. எரியும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடேறி, தடை பத்து மடங்குக்குப் பக்கமாக ஏறிவிடுகிறது. ஸ்விட்ச் போடும் அந்த நொடியில் மட்டும் நான் போட்ட 8 ஆம்பியர் கணக்கு கிட்டத்தட்ட நிஜம். குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே உயிரை விடுவது இதனால்தான்.

மீட்டர் விலை குறைந்ததே போதும், ஆனால் முதலை கிளிப் வைத்த வயர் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் சும்மா இருக்கும். வயரைக் கழற்றாமல் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரை இந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். மலிவானவை பெரும்பாலும் ஏசி மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும், பேட்டரி பக்கம் வைத்தால் சும்மா பூஜ்யம் காட்டும்.

பின்சேர்க்கை 1: எல்ஈடியோடு தொடராகப் போடும் ரெசிஸ்டருக்குக் கணக்குப் போட்ட ஒருவருக்கு அரை ஓம் விடை வந்திருக்கிறது. 12 வோல்ட்டில் சிவப்பு எல்ஈடி 2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 10. அவர் 10-ஐ 20-ஆல் வகுத்திருக்கிறார். அந்த 20 எல்ஈடியின் மின்னோட்டம், அதுவும் மில்லிஆம்பியரில், அதாவது 0.02 ஆம்பியர். 10 ÷ 0.02 = 500 ஓம். கடையில் 560 கிடைக்கும், அதையே போடுங்கள். சூடு 0.2 வாட்டுக்குள் அடங்கும். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், நான் அரை வாட் போடுவேன்.

பின்சேர்க்கை 2: "அப்போ ஓமில் வைத்து அளப்பதே வீணா?" இல்லை. வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியில் இருப்பது நிக்ரோம் என்ற உலோகக் கலவை. சூடானாலும் அதன் தடை அவ்வளவாக மாறாது. மேலே உள்ள இரண்டு சூத்திரங்களையும் சேர்த்தால் தடை = வோல்ட் × வோல்ட் ÷ வாட். 230 வோல்ட், 1000 வாட் கம்பி என்றால் 230 × 230 ÷ 1000, சுமார் 53 ஓம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு தடித்த எர்த் பின் இருந்தால் அதை விட்டு, மற்ற இரண்டு பின்களிலும் வைத்துப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் காட்டினால் கம்பி நன்றாக இருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது.